எந்தப் படத்துப் பேய்?

எய்யா, நீ கேட்டுவிட்டுப் போன கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு போனில் கூப்பிட்டபோதெல்லாம் சாப்பிட்டாயா, பாஸ்போர்ட்டை எடுத்து வைத்தாயா என்று பேச்சை மாற்றிவிட்டேன். போனில் பேசினால் நமக்குள் சண்டை வந்துவிடும், உனக்கும் எனக்கும் ஒரே வாய். அதனால் எழுதுகிறேன். தமிழை நீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும். பக்கத்திலிருந்த தமிழ்ப் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு உன்னை இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்தது நானும் உங்கப்பாவும்தான், அதற்கு உன்னைக் குறை சொல்ல முடியாது. மெதுவாகப் படி. ஞாயிற்றுக்கிழமை துபாய்க்கு விமானம் ஏறுவதற்குள் படித்து முடித்தால் போதும்.

கேள்வி இதுதான். செம்பூர் மாலில் நீ கட்டிக்கொடுத்திருக்கிற பேய் வீட்டின் கடைசி அறையில் நிற்கிற பெண்கள் அப்படியே நிற்கலாமா, அல்லது அவர்களை எடுத்துவிட்டு உன் சேட் ஆசைப்படுகிற மாதிரி அங்கேயும் ஒரு சினிமாப் பேயைக் கொண்டுவந்து நிறுத்தலாமா. "நீ வேணாம்னு சொன்னா எடுத்துருதேன்மா, சண்டை போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாய். நீ அப்படி அடங்கிப் பேசியதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சண்டை போடாத மகனை நான் பெறவில்லை.

பேய் வீடு என்றால் என்ன என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நீ பிறப்பதற்கு முன்னாலிருந்தே நான் பேய். மேளாவில், ராட்டினங்களுக்கு நடுவே போடுகிற பேய் வீட்டு வாசலில் உங்கப்பா நின்று மைக்கில் கூவி ஆள் சேர்ப்பார். உள்ளே தகரமும் கறுப்புத் துணியும் அடித்த இருட்டில் நான் நிற்பேன். வடாலா, குர்லா, கல்யாண் என்று எந்த மைதானத்தில் மேளா கூடினாலும் வேஷத் துணிப் பையைத் தூக்கிக்கொண்டு லோக்கல் ரயிலில் போவேன். சபையில் சில பேர் முகத்தைச் சுளித்தார்கள். ஆராதனை முடிந்து வெளியே வரும்போது ஒரு அம்மா, "நீ பேய் வேலைக்குப் போறியாமே" என்று கேட்டாள். "வேஷந்தான் போடுதேன், கும்பிடல" என்றேன். அதோடு அவள் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். எனக்கும் நிம்மதி.

நான் போட்டதெல்லாம் சினிமாப் பேய். அந்தந்த வருஷம் எந்தப் பேய்ப் படம் நன்றாக ஓடுகிறதோ, மேளா முதலாளி போய்ப் பார்த்துவிட்டு வந்து, "இந்தத் தடவை இது" என்பார். ஒரு வருஷம் வெள்ளைப் புடவையும் மெழுகுவத்தியும். இன்னொரு வருஷம் முகத்தை மறைக்கிற முடி. அதற்கு மாட்டுங்கா மார்க்கெட்டில் சவுரி வாங்கி ஒன்றோடு ஒன்று சேர்த்துத் தைத்தோம். பிறகு ஒரு வருஷம் கையில் பொம்மை. உள்ளே வருகிற ஜனங்கள் என்னைப் பார்த்ததும் படத்தில் அந்தப் பேய்க்கு என்ன பெயரோ அதைச் சொல்லிக் கத்துவார்கள். பயப்படுவதற்கு முன்பே அவர்களுக்கு என்னைத் தெரியும். நான் யாரால் செத்தேன், யாரைப் பழிவாங்கத் திரும்பி வந்திருக்கிறேன் என்று என்னைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். கத்தினார்கள், ஆனால் சந்தோஷமாகக் கத்தினார்கள். அப்பன் காலைக் கட்டிக்கொண்டு உள்ளே வந்த ஒரு பிள்ளை, என்னிடம் கை கொடுத்துவிட்டுப் பெரிய வீரனாக வெளியே போயிருக்கிறான். தெரிந்த பேய் என்பதால்தான் அவனுக்கு அந்தத் தைரியம் வந்தது. இதை நீ ஒரு நாளும் கேவலமாக நினைக்கக் கூடாது. துபாய்ப் பேய் வீட்டு வேலையிலும் உன்னைச் சினிமாப் பேயாகவே கட்டச் சொல்லுவார்கள், கட்டு. நம் வீட்டில் சோறு போட்டது அந்தப் பேய்தான்.

நீயும் அந்தப் பேய்களோடுதான் வளர்ந்தாய். கூட்டம் குறைந்த நேரத்தில் உங்கப்பா உன்னை உள்ளே விடுவார். முகமெல்லாம் வெள்ளைப் பவுடரும் கண்ணைச் சுற்றிக் கறுப்புமாக நான் உட்கார்ந்திருப்பேன், நீ வந்து என் மடியில் ஏறிப் பேல் பூரி தின்பாய். மற்றப் பிள்ளைகளைக் கூட்டிவந்து, "யே மேரி மம்மி ஹை", இதுதான் எங்கம்மா என்று காட்டுவாய். என் பிள்ளைக்குப் பேய்ப்பயமே கிடையாது என்று நான் சொந்தக்காரர்களிடம் எவ்வளவு பெருமை அடித்திருக்கிறேன் தெரியுமா. பிள்ளைக்கு எதில் பயம் என்று தாய்க்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சொந்தமாக ஒரு பேயை உண்டாக்கும் ஆசை நம் வீட்டில் முதலில் வந்தது உனக்கு இல்லை, உங்கப்பாவுக்கு. இந்தக் கதையை உன்னிடம் முழுசாகச் சொன்னதில்லை. ஒரு வருஷம் பேய்ப் படம் எதுவும் சரியாக ஓடவில்லை. முதலாளி கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது உங்கப்பா, "நான் ஒரு பேய் செய்து தருகிறேன், எந்தப் படத்திலும் வராத பேய்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். அவருக்குச் சின்ன வயதில் பனைமரத்தில் பேய் உண்டு என்று சொல்லிப் பயங்காட்டியிருக்கிறார்கள். அந்தப் பயம் அவருக்குக் கடைசிவரை போகவில்லை. தகரத்தில் ஒரு பனைமரம் செய்து, பிளாஸ்டிக்கில் ஓலை வெட்டி, உச்சியில் சிவப்புக் கண்ணோடு ஒரு உருவத்தைக் கட்டி, சரசரவென்று ஓலைச் சத்தம் வருகிற மாதிரி கயிறு இழுக்க என்னை உட்கார வைத்தார். முதல் நாள் வந்த மராட்டிப் பிள்ளைகள் அண்ணாந்து பார்த்துவிட்டு, "காக்கா, நாரியல் தோ நா", மாமா, தேங்காய் கொடுங்களேன் என்று கேட்டார்கள். அவர்களுக்கு அது தென்னை மரம்; மேலே இருப்பவர் தேங்காய் பறிக்க ஏறியவர். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் கயிற்றை விட்டுவிட்டேன். உங்கப்பா அன்றைக்கு முழுவதும் என்னோடு பேசவில்லை. அடுத்த நாள் மரத்தைக் கழற்றிவிட்டுப் பழைய வெள்ளைப் புடவையையே எடுத்துக் கட்டிக்கொண்டேன்.

அதனால்தான் நீ மாலில் பேய் வீடு கட்டுகிறேன், எல்லாமே புதுப் பேய், எந்தப் படத்திலிருந்தும் எடுக்கப் போவதில்லை என்று வந்து சொன்னபோது நான் உன்னைப் பிடித்து ஏசினேன். "ஆளுக்குத் தெரிஞ்ச பேயை வைலே" என்றேன். "தெரிஞ்ச பேய்க்கு யாரும்மா பயப்படுவா? கூட நின்னு செல்ஃபிதான் எடுப்பான்" என்றாய். "எடுக்கட்டுமே. நாலு பேருக்குக் காட்டுவான், அவனுவளும் வருவானுவ" என்றேன். உன் சேட்டும் அதையேதான் சொன்னார் என்றும், அம்மாவும் சேட்டும் கூட்டுச் சேர்ந்துவிட்டீர்களா என்றும் கேட்டுச் சிரித்தாய். பிறகு நீயும் சேட்டும் பொதுவாக ஒரு முடிவுக்கு வந்தீர்கள். முன்னால் இருக்கிற அறைகளில் சினிமாப் பேய்கள், கடைசி அறை மட்டும் உன்னுடையது. அதில் என்ன வைக்கிறாய் என்று நான் எவ்வளவு துளைத்தும் நீ சொல்லவில்லை. வந்து பார் என்றாய்.

வந்தேன். திறப்பதற்கு முன்னால் சும்மா ஆள் விட்டுப் பார்க்கிற அந்தச் சனிக்கிழமை, நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு, பழைய பேய் என்கிற கெத்தோடு வந்தேன். சேட் எழுந்து நின்று, "ஆயியே ஆன்ட்டி, ஆப் தோ சீனியர் ஹோ", வாங்க, நீங்கள் எங்களுக்கெல்லாம் சீனியர் ஆயிற்றே என்றார். முன் அறைகள் எனக்கு ரொம்பப் பிடித்தன. என்னோடு உள்ளே வந்த காலேஜ் பிள்ளைகள், முடி விரித்துக்கொண்டு பாய்ந்த பேயைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஒருத்தன் அதோடு இரண்டு ஸ்டெப் ஆடினான். பேய் வேஷம் போட்டிருந்த பெண்ணும் சிரிப்பை அடக்கமுடியாமல் திரும்பிக்கொண்டாள். பாவம், வேர்த்துப்போயிருந்தது. நான் போகிற போக்கில் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். இப்படித்தானே இருக்க வேண்டும், இவனுக்கு எதற்கு வேறு பேய் என்று நினைத்துக்கொண்டே கடைசிக் கதவைத் தள்ளினேன்.

ஈரமான சிமெண்ட் தரை. தலைக்கு மேலே ஒரு குண்டு பல்ப். சுவரோரமாக வரிசையாகப் பெண்கள், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. எல்லோருக்கும் ஒரே நைட்டி, தோளில் துண்டு, இடுப்பில் காலிக் குடம். ரத்தம் இல்லை, கோரப் பல் இல்லை, பின்னால் திகில் பாட்டும் இல்லை. அந்த வரிசையை ஒட்டியே நடந்துதான் வெளியே போகும் வாசலுக்குப் போக வேண்டும். முதல் பெண்ணைத் தாண்டும்போது அவள் மெதுவாகத் திரும்பி, சாதாரணமான ஒரு முகத்தோடு, "பானி ஆயா க்யா?" என்று கேட்டாள். தண்ணீர் வந்ததா என்று, அவ்வளவுதான். அடுத்தவளும் திரும்பினாள், அதே கேள்வி. அதற்கடுத்தவளும். வாசலுக்குப் பக்கத்தில், குழாயடியில் நின்றவள் மட்டும் திரும்பவேயில்லை.

எனக்குப் பின்னால் வந்த ஒரு பெண் தன் சிநேகிதியிடம், "யே கௌன்ஸி பிக்சர் கா ஹை?" என்று கேட்டாள். எந்தப் படத்தில் வருகிறது என்று கேட்கிறாள். "பதா நஹி யார்", தெரியலையே என்றாள் மற்றவள். அதற்குப் பிறகு அந்த அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. என்னை யாரென்று தெரியாமலே அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள், பிடித்த இடம் சில்லென்று இருந்தது. நாம் எந்தப் பேய்ப் படத்தைப் பார்த்தாலும் அந்தப் பேய்க்கு என்ன வேண்டும் என்று தெரிந்துவிடும். இவர்களுக்கு என்ன வேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை. தண்ணீர்தான் கேட்கிறார்கள், அதைக் கொடுக்கவும் நம் கையில் ஒன்றும் இல்லை.

எனக்கு வந்தது பயமில்லை. நீலத்தில் வெள்ளைப் பூப் போட்ட நைட்டி அது. துணித் தவணைக்காரர் ஒரு தடவை ஒரே துணியில் ஒரு கட்டு நைட்டி கொண்டுவந்தார், மலிவாகக் கிடைத்ததென்று நம் சந்துப் பெண்கள் அத்தனை பேரும் ஆளுக்கு இரண்டு எடுத்தோம். கொடியில் காயப்போட்டால் யாருடையது எது என்று சண்டை வரும். கழுத்துப் பட்டியில் ஆளுக்கொரு நிறத்தில் நூல் தைத்து அடையாளம் வைத்துக்கொண்டோம், எனக்குச் சிவப்பு. அந்தப் பூவை எங்கேயோ கொடுத்து அச்சடித்து வாங்கி, ஏ.சி. போட்ட மாலில் எங்களை வரிசையாகப் பேயாக நிறுத்தியிருக்கிறாய். இரவு பகலாகக் குழாயில் தண்ணீர் வருகிற வீட்டுப் பிள்ளைகள் டிக்கெட் வாங்கி எங்களைப் பார்த்துப் பயப்பட வந்திருக்கிறார்கள். வெட்கத்தில் உடம்பெல்லாம் எரிந்தது எனக்கு.

வெளியே வந்து நான் போட்ட சத்தம் உனக்கே தெரியும். "நம்ம தண்ணி லைன்ல நின்ன பொம்பளைங்கள எல்லாம் பேயாக்கிட்டியாலே? அவளுவ எல்லாம் உசிரோட இருக்காளுவ. ஞானம்மா சீத்தா கேம்ப்ல பேரப்பிள்ளையத் தூக்கிட்டுத் திரியுதா. அவ வந்து பாத்தா மூஞ்சிய எங்கன கொண்டு வைக்கது நான்?" என்று கேட்டேன். "சினிமாப் பேய் யாரு வீட்டுப் பிள்ளையும் இல்ல, அது வந்தாலும் ஒண்ணுமில்ல, போனாலும் ஒண்ணுமில்ல. இது நாங்கலே" என்று சொன்னேன். உன் சேட்டுக்கு அது கரும்பு தின்னக் கூலி கிடைத்த மாதிரி. "ஆன்ட்டி சஹி போல் ரஹீ ஹை", ஆன்ட்டி சொல்வதுதான் சரி என்று சொல்லி, அந்த அறையிலும் ஒரு படத்துப் பேயை வைத்துவிடலாம் என்று அங்கேயே முடிவு கட்டிவிட்டார்.

ஜூஸ் கடைக்கு எதிரே இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். என் கையைப் பிடித்த அந்தப் பெண்ணும் அங்கேதான் வந்து நின்றாள். மற்றவர்கள் முன் அறையில் எடுத்த போட்டோக்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள், இவள் மட்டும் தள்ளிப் போய் யாருக்கோ போன் போட்டாள். "மம்மி, குச் நஹி, ஐஸே ஹி" என்றாள். ஒன்றுமில்லை, சும்மாதான் கூப்பிட்டேன் என்று. அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, "நஹி நஹி, டீக் ஹூன்", நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். தண்ணீர்க் குடத்தையே தூக்கிப் பார்க்காத பிள்ளைக்கு எதற்கு அம்மா நினைப்பு வந்தது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. உன் மேல் இருந்த கோபத்தில் அதை யோசிக்கவும் இல்லை.

அன்று சாயங்காலம் நீ வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்று பேசினாய். நீ சொன்னதை உன் வார்த்தையிலேயே எழுதுகிறேன், சரியா என்று பார். "எம்மா, நான் யாரையும் பேயாக்கல. எனக்கு நெசமாவே பயந்துபோனது வாழ்க்கையில அது ஒண்ணுதான். சின்னப் பிள்ளையில ஒரு நாள் காலைல முழிச்சுப் பார்த்தா நீ இல்ல. லைனுக்கு வந்தேன். முதுகு முதுகா நிக்காங்க, எல்லாமே நீதான். நைட்டியப் புடிச்சு இழுத்தேன். திரும்புனா நீ இல்ல. அடுத்து நின்னவங்கள இழுத்தேன், அதுவும் நீ இல்ல. அதுக்கு மேல இழுக்கப் பயமாயிட்டும்மா. எல்லாரும் திரும்பி, ஒருத்தர்கூட நீயா இல்லன்னா? படத்துல பார்த்த எந்தப் பேயும் எனக்கு இது மாதிரி இல்ல." நான் அடுக்களைக்குள் போய் ஆறிப்போகாத ரசத்தை மறுபடி அடுப்பில் வைத்தேன். அதற்குப் பிறகுதான் நீ அந்தக் கேள்வியைக் கேட்டாய்.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் பஸ் பிடித்துச் சீத்தா கேம்ப் போனேன். நீ முதலில் நைட்டியைப் பிடித்து இழுத்தது ஞானம்மாவைத்தான், உனக்குத் தெரியாது. என்ன சொல்வாளோ என்று பயந்துகொண்டே விஷயத்தைச் சொன்னேன். அவள் பேரனை மடியிலிருந்து இறக்கிவிட்டு, "மால்ல என்னை வச்சிருக்கானா? ஏசி உண்டா?" என்று கேட்டாள். கேலி பண்ணுகிறானே, கோபம் வரவில்லையா என்றேன். "கேலி எங்கட்டி பண்ணினான்? பிள்ளை பயந்ததத்தான காட்டுதான். ஒன் புருசன் பனைமரம் நட்டாரே, அதுக்கு எவன் பயந்தான்? இங்க எவனும் பனைக்குக் கீழ நின்னதில்ல. கூட்டத்துல வேற ஒருத்தி சேலையைப் புடிக்காத பிள்ளை உண்டுமா ஊர்ல?" என்றாள். அப்போதுதான் அந்தப் பெண் ஏன் அம்மாவுக்குப் போன் போட்டாள் என்று எனக்கு உறைத்தது. அவள் எங்கள் குடத்தைப் பார்க்கவில்லை. நீ எங்கே நின்று பார்த்தாயோ, அங்கே நின்று பார்த்திருக்கிறாள். சொந்தமாக ஒரு பேயை உண்டாக்க வேண்டுமென்றால், அது உண்டாக்குகிறவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும், பார்க்க வருகிறவனுக்குள்ளும் முன்னமே கிடக்க வேண்டும் போல. உங்கப்பாவுக்கு முதல் பாதி இருந்தது. எனக்கு இரண்டும் தேவைப்படவே இல்லை, சினிமாக்காரர்கள் செய்து கொடுத்துவிட்டார்கள்.

நான் கிளம்பும்போது ஞானம்மா தெருமுனை வரை வந்தாள். வந்தவள் சும்மா இருக்காமல் ஒன்று கேட்டாள். "எல்லாஞ் சரி. அன்னைக்கு அவன் அந்தக் கத்து கத்தினானே, நீ ஏம்ட்டி திரும்பல?" என்றாள். பஸ் வந்துவிட்டது என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டேன். என் பஸ் வரவில்லை, வேறு ஏதோ ஒரு பஸ்ஸில்தான் ஏறினேன். செம்பூர் போய் மாறி வந்தேன்.

நீ கேட்கவில்லை, அதனால் நானே சொல்கிறேன். உன் அறையில் திரும்பாமல் நிற்கிறாளே, அவள் நான்தான். அன்றைக்கு நீ அழுதது எனக்குக் கேட்டது. உன் அழுகை எது, ஊரான் பிள்ளை அழுகை எது என்று தெரியாதவளா நான். அந்த நிமிஷம்தான் என் முறை வந்திருந்தது. குழாய் கொஞ்ச நேரம் வெறும் காற்றைக் கக்கிவிட்டுத் தண்ணீரை விட ஆரம்பித்திருந்தது. குடத்தை எடுத்துக்கொண்டு திரும்பியிருந்தால் எனக்குப் பின்னால் நின்றவள் தன் குடத்தை வைத்திருப்பாள், அவளையும் குற்றம் சொல்ல முடியாது. உனக்குக் கஞ்சி வைக்கவும் உன்னைக் குளிப்பாட்டவும் அன்றைக்கு வீட்டில் ஒரு சொட்டு இருந்திருக்காது. நிறைகிற வரைக்கும் நின்றேன். உன் சத்தம் முதுகில் வந்து விழுந்துகொண்டே இருந்தது. இதற்கு நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. அந்தக் காலை நேரம் மறுபடி வந்தாலும் குடத்தை நிரப்பிவிட்டுத்தான் திரும்புவேன். நிரம்பிய குடத்தோடு வந்து உன்னை இன்னொரு இடுப்பில் தூக்கியபோது நீ அழுகையை நிறுத்திவிட்டாய், அதோடு தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிட்டேன். உனக்குள் அது இத்தனை வருஷம் நின்றுகொண்டிருந்தது எனக்குத் தெரியாது ராசா. அதை நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை.

அதனால் என் பதில் இது. சேட்டிடம் போய், எங்கம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை என்று சொல். முன் அறைகளில் அவர் இஷ்டப்பட்ட படத்துப் பேய்களை வைத்துக்கொள்ளட்டும். ஜனங்கள் சிரித்து, ஆடி, போட்டோ எடுத்துக்கொண்டு வரட்டும், அதுவும் வேண்டும். கடைசி அறையில் அவர் கை வைக்கக் கூடாது. அவர் முரண்டு பிடித்தால் எனக்குப் போன் போடு, நான் வந்து பேசுகிறேன். நான் சத்தம் போட்டால் என்ன ஆகும் என்று அவர் பார்த்திருக்கிறார். அந்தப் பெண்களை எடுக்காதே. குழாயடியில் நிற்கிறவளையும் திருப்பிவிடாதே, எனக்காக என்று நினைத்துக்கூடத் திருப்பாதே. நான் திரும்பவில்லை.

ஒன்றே ஒன்று மட்டும் உன் அறையில் தப்பு. நீ பின்னால் நின்றதால் உனக்குத் தெரியவில்லை. அவள் குடத்தை இடுப்பில் காலியாக வைத்திருக்கிறாய், குழாயைக் காய்ந்துபோக விட்டிருக்கிறாய். குடத்தை இறக்கிக் குழாய்க்குக் கீழே வை. சவுண்ட் போடுகிற பையனிடம் சொல்லி, தண்ணீர் விழுகிற சத்தத்தைப் போடச் சொல், குடம் அடியிலிருந்து நிறைந்து வருகிற சத்தம். வருகிறவர்களுக்கு அது கேட்கட்டும், கேட்காமல் போகட்டும். ஞாயிற்றுக்கிழமை போவதற்கு முன்னால் நீ ஒரு தடவை அந்த அறைக்குள் தனியாகப் போய், அவளுக்குப் பின்னால் நின்று, அது நிறைகிற வரைக்கும் கேட்டுவிட்டுப் போ.

அம்மா